அக்கா வண்டியின் கத்தரிப்பூ நிறம்

அக்காவைத் தூக்கி எறிந்த லாரி அவளுடைய ஸ்கூட்டரை அவ்வளவாகத் தொடவில்லை. விபத்து கிளியனூர் தாண்டி நடந்தது. முன்பக்கத் தகடு மட்டும் நசுங்கிக் கிழிந்திருந்தது. அக்காவை அடக்கம் செய்த பிறகு, போலீஸ் ஸ்டேஷனிலிருந்து வண்டியை விழுப்புரத்தில் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தியபோது அம்மா ஒன்றுதான் கேட்டாள்.

“முன்ன இருந்த மாதிரியே பண்ணிக் குடுடா. நீ கலக்கின கலருதானே?”

நான் கலக்கியதுதான். அதனால் சுலபம் என்று நானும் நினைத்தேன்.

திண்டிவனத்தில் வண்டிகளுக்குப் பெயிண்ட் கலந்து தரும் கடையில் வேலை பார்க்கிறேன். கெமிஸ்ட்ரி படித்தவன், எதையாவது எதிலாவது ஊற்றிப் பார்க்காவிட்டால் கை பரபரக்கும். கம்பெனி கலர் என்றால் ஒரு நம்பர் இருக்கும். அதைத் தட்டினால் எந்தச் சாயம் எத்தனை கிராம் என்று கம்ப்யூட்டர் சொல்லிவிடும். அக்காவுக்கு அதெல்லாம் ஆகவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்ததும் என்னோடு திண்டிவனம் வந்தாள். கடைக்கு லீவு, சாவி என்னிடம் இருந்தது. கலர் அட்டையைப் புரட்டிவிட்டுத் தள்ளி வைத்தாள்.

“இதெல்லாம் ரோட்ல போறவன் வர்றவன் எல்லாம் வெச்சினு இருக்கான்டா. எனக்குக் கத்தரிப்பூ கலர் வேணும்.”

“கத்தரிப்பூவுக்கு நம்பர் கெடையாதுக்கா.”

“அப்ப இன்னாத்துக்குடா காலேஜு போன?”

கவிழ்த்த டின் மேல் உட்கார்ந்துகொண்டாள். வெள்ளையில் வயலட்டைச் சொட்டினேன். “இன்னும் கொஞ்சம் ரோஸு” என்றாள். விட்டேன். “ஐயே, இது பீட்ரூட்டு. ஜல்தி வெள்ளைய ஊத்து.” ஊற்றினேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தவள் திடீரென்று கையை நீட்டினாள். “போதும், நிறுத்து.” நிறுத்தினேன். எடை மெஷினை நான் போடவே இல்லை. வண்டி முழுக்க அடித்ததில் ஒரு சொட்டும் மிஞ்சவில்லை.

வண்டியைக் கடைக்கு ஓட்டிவந்தேன். இப்போதும் அதே வெள்ளை, அதே வயலட். ஈரத்தில் ஒத்துப்போகிறது, காய்ந்ததும் கறுத்துவிடுகிறது. வெள்ளை சேர்த்தால் சாம்பல் பூத்ததுபோல் மங்குகிறது. ரோஸ் சேர்த்தால் அக்கா சொன்ன அதே பீட்ரூட். கலந்ததிலிருந்து எதையும் திரும்ப எடுக்க முடியாது, மேலே மேலே ஊற்றத்தான் முடியும். கிண்ணத்தில் தொடங்கியது வாளிக்கு வந்துவிட்டது. போதாததற்கு, சீட்டைத் தூக்கினால் வெயில் படாத இடத்தில் ஒரு நிறம். வெளியே வெயில் தின்ற இன்னொரு நிறம். அக்கா சரியென்று சொன்னது உள்ளே இருப்பது. அம்மா தினமும் வாசலில் பார்த்தது வெளியே இருப்பது. எதை வைத்து ஒப்பிடுவது?

பக்கத்துப் பட்டறையில் ஸ்ப்ரே அடிக்கும் அண்ணன் வாளியை எட்டிப் பார்த்தார். “இன்னா சயின்டிஸ்டு, ஊருக்கே கத்தரிக்கா கொழம்பா?” நான் சிரிக்கவில்லை என்றதும் குரலைத் தாழ்த்தினார். “தோ பாரு தம்பி, இது பழசோட ஒத்துப்போவாது. மொத்த வண்டியும் தேச்சுட்டு இதையே அடிச்சுடு. எல்லாம் ஒரே கலராயிடும். அம்மாவுக்குத் தெரியவா போவுது?”

தெரியாதுதான். வேறு யாராவது வந்து கேட்டால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். அன்று சாயங்காலமே உப்புத்தாளை நனைத்து வண்டியின் பக்கவாட்டில் வைத்து ஒரு இழுப்பு இழுத்தேன். ஊதாத் தண்ணீர் என் விரலிடுக்கில் வடிந்தது. அந்த நிறம் இந்த வண்டியைத் தவிர வேறெங்கும் இல்லை, அதையும் நானே தேய்த்துக்கொண்டிருந்தேன். தாளைப் போட்டுவிட்டேன்.

புதுத் தகட்டை வெறும் பிரைமரோடு, சாம்பல் நிறத்திலேயே மாட்டி வீட்டுக்கு ஓட்டிவந்தேன். அம்மா அதை உள்ளங்கையால் தடவினாள்.

“இதுக்கு எப்படா அடிப்ப?”

“கலக்கிக்கினு இருக்கேம்மா.”

பொய்யில்லை. காலையில் கடையைத் திறந்ததும் வாளி மூடியை எடுத்து ஏதாவது ஒரு சொட்டு விடுகிறேன். எங்கே நிறுத்த வேண்டும் என்பது அவளுக்குத்தான் தெரியும். எனக்கு அன்றைக்கும் தெரியவில்லை.