ஆச்சா மரத்தின் இலை

கிருஷ்ணகிரி மர மில்லில் ரம்பத்தூள் கூட்டுகிற வேலையில் தொடங்கி, ஓசூரில் ஒரு கம்பெனியின் பேக்கிங் செக்‌ஷன் வரைக்கும் வந்து சேர்ந்தவர் தஸ்தகீர். மரத்தைப் பற்றி அவருக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று தெருவே நம்பியது. அவரும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தார். கட்டில் செய்ய, நிலை வைக்க என்று யார் பலகை வாங்கப் போனாலும் அவரைத்தான் கையோடு கூட்டிக்கொண்டு போவார்கள். மனுஷன் கட்டைவிரலில் எச்சில் தொட்டு, பலகையின் வெட்டுமுகத்தில் ஒரு இழுப்பு இழுப்பார். ஈரம் பட்ட இடத்தில் நிறம் எழும்பும். மூக்கை வைத்து ஒருதரம் முகர்ந்துவிட்டு, "வேங்கைங்க, தைரியமா எடுங்க" என்பார். அதற்குமேல் கடைக்காரரே வாய் திறக்கமாட்டார்.

இந்தப் பெருமையில் ஒரு ஓட்டை இருந்தது. மில்லுக்கு வருகிற மரம் கிளை கழித்து, பட்டை உரித்து, லாரியில் படுத்துக்கொண்டுதான் வரும். நிற்கிற மரத்தை அவர் நிமிர்ந்து பார்த்ததே இல்லை. வேம்பு, புளி, மா தெரியும். அவை அவர் ஊரான நாகரசம்பட்டியில் பிறந்த ஆட்டுக்குட்டிக்கும் தெரியும். பெட்டி அடிக்க வரும் காட்டு மரங்களுக்கோ தனித்தனிப் பெயர்கூடக் கிடையாது. வியாபாரி முதல் ஸ்டோர்காரர் வரை எல்லோருக்கும் அது 'ஜங்கிள் வுட்'. அவ்வளவுதான்.

தொண்ணூற்று ஒன்றில், அந்த ஜங்கிள் வுட்டில் ஒரு கட்டை அவர் வலது கையின் இரண்டு விரல்களை வாங்கிக்கொண்டது. கருஞ்சிவப்பாக, இரும்புக் கனத்தில் இருக்கும் கட்டை அது. லோடில் எப்போதாவது ஒன்று கலந்து வந்துவிடும். ரம்பத்தின் பல்லை உடைக்கும் என்பதால் செக்‌ஷனில் அதற்குப் 'பல்லுடைச்சான்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அன்றைக்குக் கணுவில் ரம்பம் இடித்தது, கட்டை துள்ளியது, கை போய்ச் சிக்கியது.

மறு வருஷமே மரப்பெட்டிக்குப் பதில் அட்டைப்பெட்டி வந்துவிட்டது. பேக்கிங் செக்‌ஷனை மூடப்போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டது. மற்றவர்களை வேறு இடத்தில் போட்டுக்கொள்வார்கள். மூன்று விரல் கையை எந்த மெஷினில் நிறுத்துவார்கள்? தஸ்தகீருக்குச் சோறு இறங்கவில்லை. அந்த நேரம் பார்த்து, கம்பெனிக்குப் பின்னாலிருந்த கரட்டு நிலத்தில் மரம் வளர்க்கப் போகிறார்கள், மரம் தெரிந்த ஆள் ஒருத்தர் வேண்டும் என்று செய்தி வந்தது.

"ஏங்க, மரத்தப் பத்தி உங்களவிட யாருக்குத் தெரியும்? போய்ச் சொல்லுங்க, வாயிருக்குல்ல?" என்று மனைவி ரஹமத் பீவி விரட்டினாள்.

போய்ச் சொன்னார். பர்சனல் மேனேஜர் கருப்பசாமி கோவில்பட்டிப் பக்கத்துக்காரர். கண்டிப்பானவர், ஆனால் கெட்டவர் இல்லை. "நல்லதாப் போச்சு பாய். ஞாயித்துக்கெழம அய்யூர் காட்டுல காலேஜ் டீச்சர் ஒருத்தங்க மரமெல்லாம் காட்டுறாங்க. நம்ம ஆளுங்களும் போறோம். நீரும் வாரும். நம்ம எடத்துக்கு எது தோதுப்படும்னு அங்கயே பாத்துச் சொல்லும்" என்றார்.

கம்பெனி பஸ்ஸில் தேன்கனிக்கோட்டை தாண்டும்வரை தஸ்தகீர் மாப்பிள்ளை மாதிரிதான் உட்கார்ந்திருந்தார். காட்டில் இறங்கியதும் சுற்றிலும் பார்த்தார். எல்லாம் பச்சையாக இருந்தது. எதற்கும் வெட்டுமுகம் இல்லை.

மரம் காட்ட வந்த ருக்மணிக்கு முப்பது வயதுகூட இருக்காது. நூல் புடவைக்குக் கீழே கேன்வாஸ் ஷூ போட்டிருந்தார். யானை இருக்கிறதா என்று பார்க்க வனத்துறை வாச்சர் சென்றாயன் கம்போடு முன்னால் நடந்தார். "மரத்தக் கண்டுபிடிக்கணும்னா எடுத்ததும் அண்ணாந்து பாக்காதீங்க. மொதல்ல கீழ என்ன விழுந்து கெடக்குதுன்னு பாருங்க. அப்புறம் மேல போங்க" என்றார் ருக்மணி. குனிந்து, சின்ன அப்பளம் போல வட்டமாக ஒரு காய்ந்த காயை எடுத்தார். நடுவில் விதை, சுற்றிலும் மெல்லிய இறக்கை. "இது வேங்கையோட காய்."

தஸ்தகீர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஆயிரம் வேங்கைப் பலகை பார்த்தவர். வேங்கை காய்க்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டார். அடுத்தது உசில். பூப்போல நுணுக்கமான இலை. அதைக் காயவைத்து இடித்தால்தான் அரப்பு என்றார் ருக்மணி. வெள்ளிக்கிழமை தவறாமல் ரஹமத் பீவி தலையில் தேய்க்கும் அரப்பு இதுதானா! பகலெல்லாம் இதன் உடம்பை அறுத்துவிட்டு, வீட்டில் இதன் இலையை மிதித்து வழுக்கி விழுந்திருக்கிறோமே என்று அவருக்குச் சிரிப்பு வந்தது.

சிரிப்பு நெடுநேரம் நிலைக்கவில்லை. பாறைச் சரிவில் கிளைகளைத் தொங்கவிட்டு நெடுநெடுவென்று நின்ற ஒரு மரத்தைக் காட்டி, "நம்ம கரட்டுக்கு இது சரிவரும் போலருக்கே. என்ன மரம் பாய்?" என்று கேட்டார் கருப்பசாமி.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தஸ்தகீரின் கை பழக்கதோஷத்தில் கட்டைவிரலில் எச்சில் தொட்டு, பட்டையில் ஒரு இழுப்பு இழுத்தது. பட்டை வாயைத் திறக்கவில்லை. முட்டியால் தட்டிப் பார்த்தார். மூக்கை வைத்து முகர்ந்தார். வேறு வழியில்லாமல், "ஜங்கிள் வுட்டுங்க சார்" என்றார்.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. "ஜங்கிள்ல நிக்கிறது பின்ன என்ன வுட்டு பாய்?" என்று ஒருவன் கேட்டான். கருப்பசாமி சிரிக்கவில்லை. "மரம் தெரியும்னு சொன்னீரே?" என்றார்.

வேலை போனது போனதுதான் என்று தஸ்தகீருக்குத் தெரிந்துவிட்டது. இதற்குமேல் மழுப்பி என்ன ஆகப்போகிறது? "அறுத்த மரந்தாங்க சார் தெரியும். நிக்கிற மரம் தெரியாதுங்க. தெரியாதுங்கறதே இங்க வந்துதாங்க தெரிஞ்சுது."

ருக்மணி குறுக்கே வந்தார். "அண்ணா, நான் சொன்னத மறந்துட்டீங்க பாருங்க. மேல பாக்காதீங்க. கீழ பாருங்க."

மரத்தடியில், யானை முறித்துப் போட்ட தொடை கனத்த கிளை ஒன்று கிடந்தது. முறிந்த முகம் கறுத்திருந்தது. தஸ்தகீர் உட்கார்ந்து, எச்சில் தொட்டு இழுத்தார். கருஞ்சிவப்பு எழும்பியது. கை தன்னாலே பின்வாங்கியது.

"பல்லுடைச்சான்" என்றார். வலது கையைத் தூக்கிக் காட்டினார். "இத எடுத்தது இந்த மரந்தாங்க."

"ஆச்சாங்கண்ணா இது பேரு" என்றார் ருக்மணி மெதுவாக. "கன்னடத்துல கமரா" என்று சென்றாயன் எடுத்துக் கொடுத்தார். ருக்மணி தாழ்ந்த கிளையிலிருந்து ஒரு இலையைக் கிள்ளி அவர் உள்ளங்கையில் வைத்தார். ஒரே காம்பில் இரண்டாகப் பிரிந்த குட்டி இலை, ஆட்டுக்குளம்பு மாதிரி. கொழுந்து இளஞ்சிவப்பாக, தொட்டால் கன்றிவிடும் போலிருந்தது. அத்தனை முரட்டுக் கட்டைக்கு இத்தனை மெல்லிய இலையா! ஒரு வருஷமாகக் கனவிலும் அந்தக் கட்டையைத் திட்டிக்கொண்டிருந்தவருக்குக் கண் கலங்கிவிட்டது.

கருப்பசாமி அவர் உள்ளங்கையிலிருந்த இலையைக் குனிந்து பார்த்தார். பிறகு, "தெரியாதத தெரியாதுன்னு சொல்லிட்டீரு. அடுத்த வருசம் செடி பட்டுப்போனாலும் மறைக்காமச் சொல்லுவீரு. அந்த ஆளுதான் எனக்கு வேணும். நிக்கிற மரத்த இந்த அம்மாகிட்டக் கத்துக்கிடும்" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

தஸ்தகீர் கற்றுக்கொண்டார். ஞாயிறுதோறும் பஸ் பிடித்து அய்யூருக்குப் போனார். கீழே பார்த்து, பிறகு மேலே பார்த்தார். தடசு, வெக்காலி, நெல்லி, புரசு என்று ஜங்கிள் வுட் ஒவ்வொன்றாகப் பெயர் வாங்கிக்கொண்டது. "டீச்சரம்மா போட்ட சோறு" என்று ரஹமத் பீவி வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள். ரமலானில் நோன்புக்கஞ்சித் தூக்கு முதலில் போவது ருக்மணி வீட்டுக்குத்தான்.

ஆடி மழைக்குக் கரட்டில் குழி வெட்டினார்கள். முதல் குழிக்கு அவர் எடுத்த கன்றைப் பார்த்து, வந்திருந்த ருக்மணி திகைத்துப் போனார். "அண்ணா, ஆச்சாவா? உங்க விரல எடுத்த மரமாச்சே, இதுக்கா மொதக் குழி?"

தஸ்தகீர் கன்றைக் குழியில் நிமிர்த்திப் பிடித்தார்.

"நின்னுக்கிட்டு இருந்த வரைக்கும் அது யாரு விரலத் தொட்டுச்சு டீச்சர்? நாங்கதான் படுக்க வெச்சு அறுத்தோம். இங்க நிம்மதியா நிக்கட்டும்" என்று சொல்லி, மூன்று விரல்களால் மண்ணைத் தள்ளி அணைத்தார்.