ஒரே பக்கமாகச் சாய்கிற பிழை

ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு நொட்டை மேடம் என்று பெயர். நொட்டை சொல்வதற்கே சம்பளம் வாங்குகிறவளை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? குவாண்டம் கணினியில் ஒரு பிட்டைக் கால் சுற்று திரும்பச் சொல்லும் கட்டளைக்கு கேட் என்று பெயர். நான்கு முறை ஏவினால் புறப்பட்ட இடத்துக்கே அது வந்து நிற்க வேண்டும். நிற்காது, மயிரிழை தப்பும். அந்த மயிரிழையை அளப்பதுதான் அவள் வேலை.

ஒரு தடவையில் அது கண்ணில் படாது. அதனால் அதே கட்டளையைத் திரும்பத் திரும்ப ஏவுவாள். அங்கேயும் இங்கேயுமாகத் தப்புகிற பிழையைப் பற்றி அவளுக்கு அவ்வளவு பயமில்லை. ஒரே பக்கமாகச் சாய்கிறது பாருங்கள், அதுதான் சேர்ந்து சேர்ந்து ஒருநாள் ஆளைக் கவிழ்க்கும். மேலாளர் சராசரியைப் பார்த்துவிட்டு, நன்றாகத்தானே இருக்கிறது என்பார். சராசரியைப் போல வாய் இனிக்கப் பொய் சொல்வது வேறெதுவும் இல்லை என்பது அவள் கட்சி.

அவள் கணவர் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். கொஞ்ச நாளாக அவர் வண்டியில் இடது பக்கம் மட்டும் உரசல்கள். வீட்டிலும் கதவு நிலையில் இடது தோளைத்தான் இடித்துக்கொண்டார். தட்டில் இடது ஓரத்துச் சாப்பாடு அப்படியே கிடந்தது. மருத்துவரிடம் இழுத்துக்கொண்டு போனாள். வயதுக்கு எல்லாம் சராசரியாகத்தான் இருக்கிறது என்றார் மருத்துவர். அந்தச் சொல்லை அவள் நம்பத் தயாராக இல்லை.

மறுநாள் காலை, வண்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பியவரைக் கூடத்தில் நிறுத்தினாள்.

"ஏங்க, கண்ண மூடிக்கிட்டு நின்ன எடத்துலயே கால் கால் சுத்தா திரும்புங்க. எனக்கு நேரா வந்து நிக்கணும்."

தன்னையும் மெஷின் ஆக்கிவிட்டாளே என்று சிரித்தபடி அவர் திரும்பினார். நான்கு திருப்பத்தில் அவளுக்கு நேராக நின்றார். அவளுக்குப் போன உயிர் வந்தது. அத்தோடு விட்டிருக்கலாம், விட்டால் அவள் நொட்டை மேடம் இல்லையே. மறுபடி திரும்பச் சொன்னாள், மறுபடியும் சொன்னாள். ஒவ்வொரு சுற்றுக்கும் கொஞ்சம் இடப்பக்கமே விலகினார். ஒரு தடவைகூட வலப்பக்கம் விலகவில்லை. அவராகவே அலுத்துப்போய் நின்றார்.

"பாத்தியா, உனக்கு நேராத்தானே நிக்கிறேன்?" என்றார், கண்ணைத் திறக்காமல், சுவரைப் பார்த்து.

முதல் நிறுத்தத்தில் பிள்ளைகள் பையோடு வந்து நின்றிருப்பார்கள். அவள் அருகில் போய், இடது நெஞ்சின் மேலிருந்த சட்டைப்பைக்குள் கைவிட்டுச் சாவியை எடுத்தாள். அவள் கை போனதும் தெரியாமல், வந்ததும் தெரியாமல் அவர் சிரித்துக்கொண்டே நின்றார்.