நான் சொன்ன ஓம்

எண்பதுகளின் நடுவில், பிரெஞ்சுத் தலைநகரின் லா சப்பலில் ஒரு கூட்டத்தில், முன் வரிசையில் இருந்துகொண்டு நான் ‘ஓம்’ என்று சம்மதம் சொன்னேன். அதை நினைத்தால் இன்றும் எனக்கு வாய் கசக்கிறது. அந்த ஒரு சொல் ஒரு பெண்ணை அவர் உருவாக்கிய இடத்திலிருந்தே வெளியே தள்ளியது.

அவரை நாங்கள் ரீச்சர் என்போம். இராணுவ ஆட்சிக்குத் தப்பிச் சிலி நாட்டிலிருந்து வந்தவர். தென்னமெரிக்க அகதிகளின் சங்கத்துக்கும் எங்கள் தமிழ் மன்றத்துக்கும் பொதுவாக ஒரு மண்டபத்தை அலைந்து திரிந்து பெற்றவர் அவர்தான். பள்ளிக்கூடம் இல்லாத புதன்கிழமைகளில் ஒரு மூலையில் அவர்களின் பிள்ளைகள் கித்தார் பழகுவார்கள். மறு மூலையில் எங்கள் பிள்ளைகள் ஆனா ஆவன்னா எழுதுவார்கள். சனிக்கிழமைகளில் எங்களைப் போன்ற பெரியவர்களுக்கு அவர் பிரெஞ்சு படிப்பித்தார். நான் ஊரில் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். உணவகத்தில் கோப்பை கழுவினேன். யாராவது பெயரைக் கேட்டாலே எனக்கு வியர்க்கும். விசாக் கடிதத்தை எழுதித் தரச் சொல்லி அவரிடம் நீட்டியபோது, பேனாவை என் கையில் வைத்து, மூன்று சனிக்கிழமை பக்கத்தில் இருந்து என்னையே எழுத வைத்தார்.

“மிளகாய் ரீச்சர் இண்டைக்கு நல்ல உறைப்பு, வீட்டுப்பாடம் செய்யாத ஆக்கள் இப்பவே ஓடுங்கோ” என்று, சிலியைச் ‘சில்லி’ ஆக்கி, பின்வாங்கில் ஓர் அண்ணை சொல்லுவார். எங்கள் சிரிப்பைப் பார்த்து ரீச்சரும் சிரிப்பார்.

மண்டபத்தை நிரந்தரமாகத் தர நகரசபை சம்மதித்தது. பொறுப்பாளராக ஒருவரின் பெயரைக் கொடுக்க வேண்டும் என்றார்கள். அது ரீச்சர்தான் என்று எல்லோரும் நினைத்திருந்தோம். நகரசபையிலிருந்து ஓர் அம்மா வந்த அன்று, ரீச்சரும் இருந்த கூட்டத்தில், எங்கள் மன்றத் தலைவர் எழுந்து வேகமான பிரெஞ்சில் நெடுநேரம் பேசினார். எங்களுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அந்த அம்மா முகம் சுருங்கி, எங்கள் பக்கம் திரும்பி, மெதுவாகக் கேட்டார்: “ஓம்?”

வெள்ளைக்கார அம்மா எங்கள் மொழியில் சம்மதம் கேட்கிறார் என்று எனக்கு ஒரே புளுகம். சந்தோசத்தில் “ஓம், ஓம்” என்றேன். எனக்குப் பின்னால் இருபது பேர் “ஓம்” என்றார்கள். அதன் பிறகுதான் அவர் மற்றச் சொல்லைக் கேட்டார்: “ஃபாம்?” ஒருவரும் வாய் திறக்கவில்லை.

பிரெஞ்சில் ‘ஓம்’ என்றால் ஆண், ‘ஃபாம்’ என்றால் பெண். ரீச்சர் முதல் மாதமே படிப்பித்த பாடம். பெண் பொறுப்பாக இருப்பதைத் தமிழர் ஏற்கமாட்டார்கள் என்று தலைவர் சொல்லியிருக்கிறார்; உண்மையா என்று அந்த அம்மா எங்களைக் கேட்டிருக்கிறார். பொறுப்பாளர் என்று தலைவரின் பெயரை அவர் எழுதி முடிக்கும் முன்பே எனக்கு விளங்கிவிட்டது. எழும்பவில்லை.

கூட்டம் முடிந்ததும் தலைவரிடம் போய், “அண்ணை, நாங்கள் அப்பிடிச் சொல்லேல்லை” என்று முணுமுணுத்தேன்.

“ஐசே, நீர்தானே முதல் ஓம் எண்டனீர்,” என்று தோளில் தட்டினார். “ஆரோ நாட்டுக்காரி எங்களை மேய்க்கவோ? போம், வடை வந்திருக்கு.”

ஆறு மாதத்தில் கித்தார்ச் சத்தம் நின்றது. சனிக்கிழமை வகுப்பும் நின்றது. இரண்டு சமூகங்களை இணைத்தவர் என்று இன்றும் தலைவருக்கு மாலை போடுகிறார்கள். அந்த மாலை வாசம் எனக்குக் குமட்டுகிறது. ஆனால் அருவருப்பு அவர் மேல் மட்டும் இல்லை.

ஓம் சொன்ன அன்று, வாசலில் ரீச்சர் என்னை நிறுத்தினார். எனக்கு விளங்க வேண்டும் என்று வகுப்பில் போலவே ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்: “உங்கள் வழக்கம் அது என்றால், நான் மதிக்கிறேன்.” பிறகு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அது உண்மை இல்லை என்று சொல்லும் அளவுக்கு என்னிடம் பிரெஞ்சு இருந்தது. அவர் தந்த பிரெஞ்சு. தலைவர் வடைத் தட்டோடு எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தார். நான் ரீச்சருக்குத் தலையாட்டிவிட்டு ஒரு வடையை எடுத்தேன். ரீச்சர் தெருமுனை திரும்பும்வரை நின்று அதை முழுவதும் தின்றேன்.