ஆடி அமாவாசையன்று எண்ணிய வண்டிகள்

தொண்ணூறுகளின் நடுவில் தச்சநல்லூரிலிருந்து திருநெல்வேலி டவுனுக்குப் போக இரண்டு வழிகள் இருந்தன. பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு ஒரு மணி நேரம் காத்திருப்பது ஒன்று. பஸ்ஸில் நின்றுகொண்டு ஒரு மணி நேரம் காத்திருப்பது இன்னொன்று. தூரம் என்னவோ மூன்று கிலோமீட்டர்தான் இருக்கும். நயினார்குளத்துக் கரையில் காய்கறி மண்டிகளுக்கு வரும் லாரிகள் பாதி ரோட்டை எடுத்துக்கொள்ளும். அவற்றிலிருந்து இறக்கிய மூட்டைகள் கால்வாசியை எடுத்துக்கொள்ளும். மிச்சமிருக்கும் கால்வாசியில் மாட்டுவண்டி, சைக்கிள், டி.வி.எஸ். ஃபிஃப்டி, தலையில் கூடை வைத்த பெண்கள், சாவகாசமாக முட்டைக்கோஸ் இலை தின்னும் மாடுகள், இத்தனைக்கும் நடுவில் எதிரெதிரே வரும் இரண்டு டவுன் பஸ்கள்.

இரண்டு பஸ்களும் மூக்கோடு மூக்கு வைத்து நின்றுவிட்டால் எது பின்னால் போவது என்பது மானப் பிரச்சினை. எங்கள் கண்டக்டர் இறங்கிப் போய்ப் பேச்சுவார்த்தை நடத்துவார்.

“அண்ணாச்சி, பைய ஒரு நாலடி பின்னால எடுங்க.”

“நான் எதுக்குவே எடுக்கணும்? எனக்குப் பின்னால கத்தரிக்கா லாரி நிக்கி. உமக்குப் பின்னால என்ன நிக்கி?”

“வெங்காய லாரி.”

“பொறவு என்ன? நில்லும்.”

நிற்போம். ஊரில் எல்லாருக்கும் இது பழகிவிட்டது. பஸ்ஸுக்குள்ளேயே கீரை ஆய்ந்தவர்கள் உண்டு. ஒரு கல்யாணத்தை அங்கேயே பேசி முடித்தார்கள் என்றும் கேள்வி. எனக்கு மட்டும் பழகவில்லை. காரணம், எனக்கு வீட்டில் நான்கு மாதக் குழந்தை இருந்தாள்.

நான் தச்சநல்லூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வீடு அம்பாசமுத்திரத்தில். கணவருக்கு மலைமேல் அணைக்கட்டில் வேலை. வாரத்துக்கு ஒருமுறை வருவார். குழந்தையைப் பார்த்துக்கொள்ள அவருடைய அக்கா, என் மதினி, கூடவே இருந்தாள். அவளுடைய வீடும் அதே வளவில் அடுத்த வாசல்தான். குழந்தையைத் தூக்கிக்கொண்டு திருநெல்வேலிக்குக் குடிவந்தால் பார்க்க ஆள் கிடையாது. ஆகவே நான் போய் வந்தேன். பிரசவ விடுப்பாக அரசாங்கம் மூன்று மாதம் கொடுத்திருந்தது. நான்காம் மாதத்திலிருந்து குழந்தைக்குப் பசிக்காது என்று யாரோ பெரிய ஆராய்ச்சி செய்து கண்டுபிடித்திருக்க வேண்டும்.

பள்ளி விடுவது நாலு பத்துக்கு. டவுனுக்கு நாலே முக்காலுக்குள் வந்துவிட்டால் ஒரு பஸ் உண்டு. அது பேட்டை, சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி எல்லாம் தாண்டி ஆறு, ஆறே காலுக்கு அம்பாசமுத்திரம் சேரும். குழந்தை ஏழு மணிக்குத் தூங்கிவிடுவாள். அந்த பஸ்ஸைப் பிடித்தால் விழித்திருக்கும் குழந்தைக்குப் பால் கொடுக்கலாம். தவறவிட்டால் அடுத்த பஸ் ஒரு மணி நேரம் கழித்து. வீட்டுக்குப் போனால் குழந்தை பசும்பால் குடித்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருப்பாள். என் வாழ்க்கையின் மொத்தச் சிக்கலும் அந்தக் குளத்தங்கரையில், ஒரு வெங்காய லாரியின் பின்சக்கரத்துக்கு அடியில் கிடந்தது.

நடந்து போயிருக்கலாமே என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன், நடந்தும் பார்த்தேன். வயிற்றைக் கீறி எடுத்த பிள்ளை. பாதி தூரத்தில் தையல் போட்ட இடம் இழுக்க, ஒரு மண்டி வாசலில் உருளைக்கிழங்கு மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டேன். அதற்குப் பிறகு பஸ்தான். சாயங்காலம் நாலரை ஆனால் மார் கட்டிக்கொள்ளும். பஸ்ஸில் எவள் பிள்ளையாவது அழுதால் போதும், என் ரவிக்கை நனைந்துவிடும். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, கணக்கு நோட்டுக் கட்டை மாரோடு அணைத்துக்கொண்டு, ஜன்னல் வழியாக முட்டைக்கோஸ் தின்னும் மாட்டைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அப்போது எனக்கு வந்த ஆத்திரத்தை வார்த்தையில் எழுத முடியாது. அந்த மாட்டின் கன்று பக்கத்திலேயே நின்றது.

இப்படி இருக்கும்போதுதான் சாலை அலுவலகத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. மாவட்டத்தில் எந்தெந்த ரோட்டில் எத்தனை வண்டி போகிறது என்று கணக்கெடுக்கப் போகிறார்களாம். நெரிசல் அதிகமுள்ள ரோடுகளை அகலப்படுத்துவார்களாம். லாரிகளுக்குத் தனி மாற்றுச்சாலையும் போடுவார்களாம். எண்ணுவதற்கு ஆசிரியர்கள் தேவை. மக்கள்தொகை எண்ணியவர்கள், வாக்காளர் எண்ணியவர்கள், ஒருமுறை ஆடு மாடும் எண்ணியவர்கள் நாங்கள். வண்டியை மட்டும் ஏன் விட்டுவைக்க வேண்டும்?

நான் சந்தோஷப்பட்டேன். உண்மையாகவே சந்தோஷப்பட்டேன். குளத்தங்கரை ரோட்டுக்கு என்னைப் போடுங்கள் என்று தலைமை ஆசிரியரிடம் நானே போய்க் கேட்டேன். சொந்த இஷ்டத்தில் கூடுதல் வேலை கேட்டு வந்த ஆசிரியையை அவர் அதற்கு முன் பார்த்ததில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

எங்கள் ஓவிய ஆசிரியர் ஆழ்வார்குறிச்சிக்காரர். அவரை அம்பாசமுத்திரத்திலிருந்து பாபநாசம் போகும் ரோட்டுக்குப் போட்டார்கள். அந்த ரோட்டில் சாதாரண நாளில் அரை மணிக்கு ஒரு பஸ், நடுவில் வைக்கோல் வண்டி. “நல்லா ஒரு குட்டித் தூக்கம் போடலாம் டீச்சர்,” என்றார்.

பிறகுதான் தேதியைப் பார்த்தோம். மாணவர் படிப்புக்கு இடையூறு வராமல் கணக்கெடுப்பைப் பள்ளி விடுமுறை நாளில் வைத்திருந்தார்கள். என்ன ஒரு அக்கறை! எந்த விடுமுறை என்றால், எங்கள் பக்கத்துப் பள்ளிகள் வழக்கமாக உள்ளூர் விடுமுறை விடும் ஆடி அமாவாசை.

வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. ஆடி அமாவாசைக்குத் திருநெல்வேலியில் பாதி ஊர் இருக்காது. பாபநாசத்துக்கு மேலே மலையில் இருக்கும் காரையாறு சொரிமுத்தையன் கோவிலுக்கு நாலு நாள் முன்னாலேயே வேன், டெம்போ, டிராக்டர் பிடித்து, அடுப்பு, அரிசி, ஆடு, பாட்டி, பாய் எல்லாம் ஏற்றிக்கொண்டு போய்க் காட்டுக்குள் குடிசை போட்டுத் தங்கிவிடுவார்கள். அங்கே போகாதவர்கள் முன்னோருக்குத் தண்ணீர் விடப் பாபநாசம் படித்துறைக்குப் போவார்கள். மண்டியில் மூட்டை தூக்குகிறவர்களும் போய்விடுவதால் வெளியூர் லாரிகள்கூட அன்றைக்கு வருவதில்லை. ஊரே காலியாகிறது என்பதற்காகத்தான் பள்ளிக்கு விடுமுறை. பள்ளிக்கு விடுமுறை என்பதற்காக அன்றைக்கு நெரிசல் கணக்கு.

தலைமை ஆசிரியரிடம் சொன்னேன். “மேலேர்ந்து போட்ட தேதிம்மா,” என்றார். மேலே என்றால் எவ்வளவு மேலே என்று கேட்கவில்லை.

அமாவாசையன்று காலை எட்டு மணிக்குக் குளத்தங்கரையில் ஒரு மூடிய மண்டியின் வாசலில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். கையில் அச்சடித்த தாள். பேருந்து, லாரி, கார், இருசக்கர வாகனம், மாட்டுவண்டி என்று கட்டங்கள். நாலு வண்டிக்கு நாலு நேர்கோடு, ஐந்தாவதுக்குக் குறுக்கே ஒரு கோடு. ஒன்பது மணி வரை என்னால் ஒரு குறுக்குக்கோடுகூடப் போட முடியவில்லை. அந்த ரோடு அத்தனை அகலம் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. குளத்தில் தண்ணீர் இருப்பதும் தெரிந்தது. ஒரு நாய் நடுரோட்டில் காலை நீட்டிப் படுத்து வெயில் காய்ந்தது. அதை எந்தக் கட்டத்தில் சேர்ப்பது?

பொய்க்கோடு போட்டிருக்கலாம். வழக்கமான ஒரு திங்கட்கிழமையை என்னால் கண்ணை மூடிக்கொண்டு அந்தத் தாளில் இறக்கியிருக்க முடியும். ஆனால் நான் கணக்கு டீச்சர். விடைத்தாளில் அரை மார்க் கூடப் போட்டுவிட்டால் ராத்திரி தூக்கம் வராத வர்க்கம். வந்த வண்டிக்கு மட்டும் கோடு போட்டேன். கடைசியில் ‘குறிப்பு’ என்று ஒரு பெரிய கட்டம் காலியாக இருந்தது. அதில், இன்று ஆடி அமாவாசை, ஊரில் ஆள் இல்லை, மற்ற நாட்களில் இந்த ரோட்டில் நிற்க இடம் இருக்காது, இந்தக் கணக்கை நம்ப வேண்டாம் என்று அழகான கையெழுத்தில் எழுதினேன். மனசு நிறைந்தது.

மூன்றரை மணிக்கு ஜீப்பில் உதவிப் பொறியாளர் வந்தார். சின்ன வயசு, நல்ல மாதிரி. தாளைப் பார்த்தவர் முகம் சுண்டிப்போனது.

“என்ன டீச்சர், குறிப்புல எழுதி வச்சிருக்கிய?”

“குறிப்புனு கட்டம் போட்டிருக்கீங்களே.”

“கட்டம் இருக்கும். அதுல ஒண்ணும் எழுதக்கூடாது. எழுதினா மேல கேள்வி வரும். கேள்வி வந்தா நான் பதில் எழுதணும். இந்தத் தேதியைப் போட்டவருக்கு நான் என்னத்தனு பதில் எழுதுவேன்?”

“அப்ப இது உண்மை இல்லேங்கியளா?”

“உண்மைதான். யாரு இல்லேன்னா? நீங்க சொல்லணும்னா ஆபீசுக்கு வாங்க. தனியா ஒரு கடிதம் எழுதி, உங்க தலைமை ஆசிரியர்ட்ட கையெழுத்து வாங்கிக் குடுத்தா நான் சேத்து அனுப்புதேன். இப்பவே வாங்க, ஜீப்புல கூட்டிட்டுப் போறேன். ஆறு மணிக்குள்ள முடிஞ்சிரும்.” புதுத் தாள் ஒன்றை நீட்டினார். “இல்லேனா இதுல கோட்டை மட்டும் பாத்து எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டு நீங்க வீட்டுக்குக் கிளம்பலாம்.”

காட்டுக்குப் போன கூட்டத்தைத் திருப்பி அழைத்துவர டவுனிலிருந்து சிறப்புப் பேருந்துகள் காலியாக மேற்கே போய்க்கொண்டிருந்தன. அதெல்லாம் எனக்குத் தெரியும். ரோடு காலி. பஸ் காலி. இப்போது கிளம்பினால் ஐந்தரைக்கு வீடு. மார் கல்லாகக் கிடந்தது. நான் அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை. புதுத் தாளை வாங்கி, முழங்காலில் நோட்டை வைத்து, கோடுகளைப் பார்த்து எழுதினேன். குறிப்புக் கட்டத்தை வெறுமனே விட்டேன். கீழே கையெழுத்துப் போட்டேன். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. அவரே ஜீப்பில் டவுன் வரை கொண்டுவந்து விட்டார். மூன்று கிலோமீட்டருக்கு எவ்வளவு நேரம் ஆனது என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள்.

நான் ஏறிய சிறப்புப் பேருந்தில் நான் ஒருத்திதான். டிரைவர் பறந்தார். எதிர்ப்பக்கத்தில் காரையாற்றிலிருந்து திரும்பும் வண்டிகள் வரிசை கட்டி நின்றன. ஐந்து இருபதுக்கு வீட்டில் இருந்தேன். குழந்தை முழித்துக்கொண்டு, கையைக் காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். ஆறரை வரை மடியிலேயே வைத்திருந்தேன். குடிப்பாள், நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பாள், மறுபடியும் குடிப்பாள். அந்த வருஷத்தில் நான் மனுஷியாக இருந்த சாயங்காலம் அது ஒன்றுதான்.

மறுநாளிலிருந்து வெங்காய லாரியும் கத்தரிக்காய் லாரியும் அவரவர் இடத்துக்குத் திரும்பிவிட்டன. கடிதத்தை மறுநாள் எழுதியிருக்கலாம் என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். கால் பரீட்சை வந்தது, விடைத்தாள் வந்தது, தாள்கள் எல்லாம் சென்னைக்குப் போய்விட்டன என்ற செய்தியும் வந்தது.

கார்த்திகை மாசத்தில் ஒருநாள் ஓவிய ஆசிரியர் செய்தித்தாளைக் கொண்டுவந்து என் மேசையில் விரித்தார். அமாவாசையன்று தாள் தீர்ந்துபோய், கைவசம் இருந்த படம் வரையும் தாளில் கோடு போட்டு, அதுவும் போதாமல் டீக்கடையில் பஜ்ஜி மடிக்கும் காகிதம் வாங்கி எண்ணியவர் அவர். பாபநாசம் ரோட்டை அகலப்படுத்தப் போகிறார்களாம். இரண்டு பக்கமும் நிற்கும் மருத மரங்களை வெட்டப் போகிறார்களாம். குளத்தங்கரை ரோட்டைப் பற்றி ஒரே வரி. அங்கே போக்குவரத்து குறைவு என்று கணக்கெடுப்பில் தெரிந்ததால் மாற்றுச்சாலைத் திட்டம் கைவிடப்பட்டது.

“நம்ம ரெண்டு பேரும் சேந்து மாவட்டத்தையே முன்னேத்திட்டோம் டீச்சர்,” என்றார் அவர். இருவரும் சிரித்தோம். வேறென்ன செய்வது?

அன்றைக்கு மழை. குளத்தங்கரையில் ஒன்றேகால் மணி நேரம். வீட்டுக்குப் போனபோது ஏழரை மணி. ஆனால் குழந்தை தூங்கவில்லை. பல் முளைக்கும் காய்ச்சலில் மதினியின் தோளில் சிணுங்கிக்கொண்டிருந்தாள். எனக்கு ஒரே சந்தோஷம். ஈரச் சேலையைக்கூட மாற்றாமல் வாங்கி மடியில் போட்டேன். வாயை வைத்தாள். இரண்டு இழுப்பு இழுத்தாள். அங்கே பெரிதாக ஒன்றும் வரவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு மதினியிடம் கையை நீட்டி அழுதாள். மதினி அவளை வாங்கி, பாலாடையில் பசும்பாலைப் புகட்டினாள். மடக் மடக்கென்று குடித்தாள். அன்றைக்கு விட்டவள்தான், அப்புறம் என்னிடம் குடிக்கவே இல்லை.

நான் அழுதேன். மதினிக்குத் தாங்கவில்லை. குழந்தையை ஒரு தோளில் போட்டுக்கொண்டு, இன்னொரு கையால் என் தலையைத் துவட்டிவிட்டாள்.

“நீ என்னளா செய்வே? நேரத்துக்கு வரக்கூடாதுன்னா நெனச்சே? அந்த ரோட்டை அப்படிப் போட்டு வச்சிருக்கான். அவன் நல்லாயிருப்பானா?”

வயிறெரிந்து சொன்னாள். இன்னும் என்னென்னவோ சொல்லி அவனைத் திட்டினாள். அந்த ரோட்டில் ஒரு குறையும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவள் நான்தான் என்று அவளிடம் நான் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.