ஆணியால் கீறிய நடுகல்

பாகலூர்ப் பக்கம் ஒரு வயலில் நின்ற நடுகல்லைப் படிக்க எங்கள் வரலாற்றுச் சங்கம் மூன்று ஞாயிறுகள் போனது. மாநில எல்லைச் சண்டை சூடாக இருந்த காலம். எழுத்து தமிழா கன்னடமா என்ற வாக்குவாதத்திலேயே எங்கள் பொழுது வீணானது.

"எங்க பாட்டனுக்குப் பாட்டன் பேரு அதுல இருக்குதாம் சார். படிச்சுச் சொன்னீங்கன்னா பேரனுக்கு வெச்சிடலாம்" என்று வயல்காரர் காத்திருந்தார்.

நான்காம் ஞாயிறு, எரிச்சல் தாளாமல் நான் மட்டும் முன்னதாகப் போய், தேய்ந்த எழுத்துகள் தமிழாகத் தெரியும்படி ஆணியால் கீறினேன். பெயர் இருந்திருக்க வேண்டிய வரி பொடியாக உதிர்ந்தது.

"மழையில அழிஞ்சிருக்குதுங்க" என்று அவரிடம் பொய் சொன்னேன்.

"உடுங்க சார், எங்களுக்காக இத்தன தடவ வந்தீங்களே" என்றவர், பேரனுக்கு என் பெயரை வைத்தார்.