அண்ணன் அணைக்க விடாத விளக்கு

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு நிறையும் இந்நாளில் வீடு தேடி வந்திருக்கும் சொந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அண்ணனுடைய குணநலன்களை எழுதித் தரும்படி மதினி என்னிடம் கேட்டார்கள். குணத்தோடு சேர்த்து என் குற்றத்தையும் எழுதியாக வேண்டியிருக்கிறது. பொறுத்துப் படியுங்கள்.

அண்ணன் பிறந்தது ஆடலூரில். அப்பாவும் அம்மாவும் காப்பித் தோட்டத்தில் கூலி வேலை பார்த்தவர்கள். அப்பா திடீரென்று இறந்தபோது அண்ணன் பத்தாம் வகுப்பை முடித்திருந்தார். அதற்குமேல் படிக்க வழியில்லை. பழனியில் ஒரு பட்டறையில் வண்டிகளுக்கு வயரிங் வேலை கற்றார். என்னைப் படிக்கவைத்தார், எனக்கு ஓட்டுநர் உரிமமும் வாங்கிக் கொடுத்தார். திருமணமான பின் அட்டுவம்பட்டியில் சொந்தக் கடை போட்டார். கொடைக்கானலில் ஓடும் ஜீப்புகளில் பாதிக்கு அவர் கைபட்டிருக்கும்.

அவருக்கு ஆல்டர்னேட்டர் என்றால் தனிப் பிரியம். வாடிக்கையாளர் கேட்டாலும் கேட்காவிட்டாலும் பிரித்துக் காட்டி விளக்குவார். "இஞ்சின் பெல்ட்டு இதச் சுத்துது. உள்ள காந்தம் சுத்துது. சுத்தி இருக்குற செம்புக் கம்பியில கரண்டு பொறக்குது. ஆனா பொறக்கும்போது அது முன்னாடியும் பின்னாடியும் ஓடுற கரண்டுங்க. பேட்டரிக்கு அது ஆகாது. இந்தா, இந்த ஆறு டயோடுதான் அத ஒரே பக்கமாத் திருப்பி விடுது" என்பார். டீ ஆறிப்போகும், பேச்சு ஆறாது. கேட்டவர்கள் தலையை ஆட்டிவிட்டு வண்டியை எடுப்பதிலேயே குறியாக இருப்பார்கள்.

அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்தது ஒரே விஷயத்துக்குத்தான். எங்கள் மலை டிரைவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. இஞ்சினை ஓடவிட்டு பேட்டரி வயரைக் கழற்றுவோம். வண்டி நிற்காமல் ஓடினால் ஆல்டர்னேட்டர் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம் செய்துகொள்வோம். பழைய டைனமோ வண்டிக் காலத்தில் தொற்றியது. "ஏலே, பொறக்குற கரண்ட வாங்கி அடக்குறதே பேட்டரிதாம்லே. அதக் கழட்டுனா போக எடமில்லாம வோல்ட் எகிறி டயோட அடிச்சிரும்" என்று கத்துவார். கடை வாசலில் இதற்கென்றே ஒரு பலகை மாட்டினார். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் அதை என்னைத்தான் எழுதச் சொன்னார். 'ஓடும் வண்டியில் பேட்டரி வயரைக் கழற்றாதீர்' என்று சிவப்புப் பெயிண்டில் எழுதிக் கொடுத்தேன்.

முன்விளக்கு எரியாத வண்டியை அவர் மலையிறங்க விட்டதில்லை. மழையில் நனைந்துகொண்டே சரிசெய்து அனுப்புவார்.

பிறகு நுரையீரல் சுருங்கும் நோய் வந்தது. வீட்டில் ஆக்சிஜன் மெஷின் இல்லாமல் இருக்க முடியாத நிலை. அப்போதும் சும்மா இருக்கவில்லை. அவசரத்துக்கு வேண்டும் என்று என் ஜீப்பில் ஒரு இன்வெர்ட்டரை வைத்து, பேட்டரி மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றி, மெஷின் ஓடும்படி செய்தார். மூச்சு வாங்க வாங்க அவரே வயர் இழுத்தார். "இனி ஒன் வண்டி ஓடுற வரைக்கும் எனக்கு மூச்சு ஓடும்" என்று சிரித்தார்.

அந்த நாளும் வந்தது. இரண்டு நாள் அடைமழை, ஊரெங்கும் மின்சாரம் இல்லை. வீட்டிலிருந்த சிலிண்டர் விடிவதற்குள் தீர்ந்துவிட்டது. ஆம்புலன்ஸ் வேறொரு நோயாளியோடு கீழே போயிருந்தது. அண்ணனைப் பழனிக்குக் கொண்டுபோக ஜீப்பை எடுத்தேன். மெஷினை மாட்டும் முன் ஆல்டர்னேட்டரைச் சோதிக்க வேண்டும் என்று தோன்றியது. அளக்கும் மீட்டர் பூட்டிய கடைக்குள் இருந்தது. சாவியைத் தேட மனம் பொறுக்கவில்லை. இஞ்சினை ஓடவிட்டு பேட்டரி வயரைக் கழற்றினேன். வண்டி ஓடியது. நிம்மதியாக வயரைத் திரும்ப மாட்டி, மெஷினையும் மாட்டினேன். பலகை எழுதிய அதே கை.

பெருமாள்மலை தாண்டிப் பழனி சாலையில் இறங்கும்போது முன்னால் சாலையே தெரியாத மூடுபனி. முன்விளக்கு, வைப்பர், மெஷின் எல்லாம் ஓடின. பாதி மலையில் இன்வெர்ட்டர் கத்தத் தொடங்கியது. ஆல்டர்னேட்டர் மின்சாரம் தராமல் பேட்டரி இறங்கிக்கொண்டிருந்தது. பின்னால் மதினி மடியில் சாய்ந்திருந்த அண்ணன் கண்ணைத் திறந்தார்.

"வயரக் கழட்டிப் பாத்தியாலே?"

"ஆமாண்ணே."

அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

மெஷினுக்கு மிச்சமாகட்டும் என்று முன்விளக்கை அணைத்தேன். "லைட்டப் போடு" என்றார். நான் கேட்கவில்லை. "ஏங்க, ஒங்களுக்கு மூச்சு வேணும்ங்க" என்று மதினி அழுதார்கள். "எதுக்க வர்றவன்... என்ன பாவம் பண்ணுனான்" என்று சொல்லிவிட்டு, அண்ணனே கையை நீட்டி மெஷினின் பிளக்கைப் பிடுங்கினார். மதினி மறுபடி மாட்டப்போனார்கள். அவர் பிளக்கை விடவில்லை. நான் விளக்கைப் போட்டேன். அடுத்த வளைவிலேயே பனிக்குள்ளிருந்து ஒரு பள்ளிக்கூட வேன் வந்தது. எங்கள் வெளிச்சத்தைப் பார்த்துச் சட்டென்று மலையோரம் ஒதுங்கியது. ஜன்னலில் பிள்ளைகளின் முகங்கள் தெரிந்தன.

கீழே இறங்கும்வரை அண்ணன் பிளக்கை மாட்ட விடவில்லை. அங்கே ஒரு டீக்கடையில் நின்றிருந்த பழ லாரிக்காரர் தன் பேட்டரியைக் கழற்றிக் கொடுத்தார். மெஷின் மீண்டும் ஓடியது. ஆஸ்பத்திரிக்கும் போய்ச் சேர்ந்தோம். ஆனால் அண்ணன் அதன்பின் பேசவில்லை. மூன்றாம் நாள் போய்விட்டார். பின்னால் பிரித்துப் பார்த்தபோது ஆறு டயோடில் மூன்று கருகிக் கிடந்தன. இந்த நுரையீரல் எப்படியும் அதிக நாள் தாங்கியிருக்காது என்றார் டாக்டர். அதைப் பிடித்துக்கொண்டு ஒரு வருடம் தூங்கப் பார்த்தேன். முடியவில்லை.

இதை எழுதலாமா என்று மதினியிடம் கேட்டேன். "எழுதுங்க தம்பி. படிச்சிட்டு ஒருத்தராச்சும் கழட்டாம இருந்தாச் சரி" என்றார்கள். அவர்கள் என்னை மன்னித்தார்களா என்று கேட்கும் தைரியம் எனக்கு இன்றும் இல்லை.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். தன் வண்டி கிடந்தாலும் பரவாயில்லை என்று பேட்டரி கொடுத்த லாரிக்காரருக்கும், அண்ணனைத் தூக்கி இறக்கிய டீக்கடைக்காரர்களுக்கும், மூன்று நாளும் கண்ணுறங்காமல் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், துக்கத்தில் தோள்கொடுத்த அட்டுவம்பட்டி, ஆடலூர் உறவுகளுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

வளைவில் ஒதுங்கிப் போன அந்த வேன் டிரைவர் யாரென்று இன்றுவரை தெரியாது. நான் அணைத்து வைத்த விளக்கைப் போடவைத்தவர் எங்கள் அண்ணன் என்று அவருக்கும் தெரியாது. அன்று சாயங்காலம் அந்தப் பிள்ளைகள் எல்லாரும் வீடு போய்ச் சேர்ந்திருப்பார்கள்.