மேம்பாலத்து வண்ணப் புள்ளிகள்

என் மகள் பேச வேண்டியது மூன்று நிமிடம். அதற்காக எனக்கு ஒரு வாரமாகச் சோறு இறங்கவில்லை. போன வருடம் பள்ளி ஆண்டு விழாவில் மைக் முன்னால் போய் நின்றவள், வாயே திறக்காமல் இறங்கி வந்துவிட்டாள். பிறகு வகுப்பில் கை தூக்குவதைக்கூட நிறுத்திவிட்டாள். இந்த முறையும் அப்படி ஆனால் இனி எந்த மேடையும் ஏறமாட்டாள். அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

இதுவோ சர்வதேச நிகழ்ச்சி. விண்வெளித் தொழில்நுட்பம் மக்கள் பாதுகாப்புக்கு எப்படி உதவுகிறது என்று பல நாட்டுப் பள்ளிகளுக்கு இணையம் வழியாக விளக்குகிறார்கள். பள்ளிக்கு ஒருவர் தங்கள் ஊர் வெள்ளத்தைப் பற்றிப் பேச வேண்டும். பூந்தமல்லியில் இவள் படிக்கும் பள்ளிக்கு இவள்தான். பெற்றோரும் வரலாம் என்றார்கள். என்னை வர வேண்டாம் என்று அவள் சொல்வதற்குள் நான் சட்டை மாட்டியிருந்தேன்.

பள்ளி ஹாலில் பக்கத்து நாற்காலியில் எங்கள் மாங்காட்டுத் தெருக்காரர். அவர் மகளும் இதே வகுப்பு. ஜன்னலுக்கு வெளியே கொஞ்சம் மேகம். அது போதும் அவருக்கு.

"இன்னா சார், வண்டி எங்க கீது? பாலத்துல ஏத்திட்டியா?"

"வெதர் பாத்துட்டுதான் வந்தேன்."

"ஏத்தல? அப்போ இன்னிக்கு மழையே வராது, உடு."

சில வருடங்களுக்கு முன் வந்த வெள்ளத்தில் எங்கள் கீழ்த்தளத்து வீட்டில் முழங்கால் வரை தண்ணீர் நின்றது. காருக்குள்ளும்தான். அந்த நடுக்கம் இன்னும் போகவில்லை. மழை அறிவிப்பு வந்தால் பாதி ஊர் காரை மேம்பாலத்தில் கொண்டுபோய் நிறுத்தும். நான் தூறலுக்கே கிளம்பிவிடுவேன்.

திரையில் ஒரு வெளிநாட்டு விஞ்ஞானி அம்மா வந்தார். மேகத்தைத் தாண்டி ரேடார் எப்படித் தரையைப் பார்க்கிறது, அந்தப் படத்தை வைத்து மீட்புப் படகை எந்தத் தெருவுக்கு அனுப்புகிறார்கள் என்றெல்லாம் சொன்னார். அடுத்து என் மகளின் முறை. திரையில் எங்கள் ஊர்ப் படம், போன மழைக்காலத்து வெள்ளம். மழை விட்டு, வானம் தெளிந்த பிறகு எடுத்தது. காப்பி நிறத் தண்ணீர், நடுவே ஒரு சாம்பல் கோடு. அதன் மேல் சிவப்பு, வெள்ளை, நீலப் புள்ளிகள்.

"இந்தப் பாலம்தான் எங்களுக்குப் புரியவில்லை. வாகனங்கள் வரிசையாக நிற்கின்றன. மக்கள் சிக்கியிருக்கலாம் என்று குறித்துவைத்தோம். அங்கே என்ன நடந்தது?" என்று ஆங்கிலத்தில் என் மகளைக் கேட்டார்.

சிரிப்பில் ஹாலே குலுங்கியது. என் மகள் மைக் முன்னால் நின்றாள். எழுதி வந்த தாளில் இதற்குப் பதில் இல்லை. உதடு துடித்தது. போச்சு, அழப்போகிறாள் என்று எழுந்துவிட்டேன். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

"மேடம், யாரும் சிக்கவில்லை. அது எங்கள் பார்க்கிங்" என்றாள். "அந்தச் சிவப்புப் புள்ளி எங்கள் அப்பாவுடையது. நீங்கள் எச்சரிக்கை கொடுக்கும் முன்பே அவர் மேலே போய்விடுவார்."

தெருக்காரர் என் தொடையில் ஓங்கி ஒன்று வைத்தார். "சார், வானத்துலேர்ந்தே மாட்டிக்கினியே!"

திரையில் வேறொரு நாட்டுப் பெண் குறுக்கே புகுந்தாள். அவர்கள் ஊரில் ஆற்றங்கரை மேட்டில் மாடுகளை ஏற்றிவிடுவார்களாம். அதுவும் மேலிருந்து பார்த்தால் புள்ளிதானாம். மாட்டையும் மனிதனையும் வானத்திலிருந்து எப்படிப் பிரித்துப் பார்ப்பது என்று இரண்டு பேரும் விவாதித்தார்கள். விஞ்ஞானி அம்மா வேகமாகக் குறிப்பெடுத்தார்.

பிறகு என் மகள் குரல் மாறியது. "பாலத்தில் கார் மட்டும்தான் இருக்கும், மேடம். ஆட்கள் மொட்டை மாடியில் இருப்போம். என் அம்மா அங்கிருந்து படகைக் கூப்பிட்டுச் சிவப்புத் துப்பட்டாவை ஆட்டிக்கொண்டே இருந்தாள். முதலில் மாடிகளைப் பாருங்கள்."

எனக்குக் கண் கலங்கியது. மூன்று நிமிடம் எப்போதோ முடிந்திருந்தது. யாராவது திட்டிவிடுவார்களோ என்று பயந்து, நின்றபடியே போதும் வா என்று கையைக் காட்டினேன். அவள் பேச்சை நிறுத்தாமலே, உட்காருங்கள் என்று என்னைப் பார்த்துக் கையைக் காட்டினாள்.

உட்கார்ந்தேன்.